அசல் கருங்குரங்கு லேகியம்

"யார் சுட்டுக் கொண்டுவந்து தர்றாங்க, பாய்? பேரைச் சொல்லும்!"

கொடைக்கானல் குளிரிலும் இப்ராம்சாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கேட்டவர் லேசுப்பட்டவரா? மலையில் எந்த மிருகத்தை யார் வேட்டையாடுகிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து, கேசு போடச் சொல்லி கலெக்டர் துரைக்கு எழுத வந்திருக்கும் பட்டணத்து ஆராய்ச்சிக்காரர் குருநாதன்.

கடை வாசலில் பலகை வேறு தொங்கித் தொலைத்தது. 'அசல் கருங்குரங்கு லேகியம். இளைப்பு, இருமல் பறந்தோடும்.'

"உம்மை மாதிரி ஆளுங்களாலதான் சோலைக்காட்டுல கருங்குரங்கே இல்லாமப் போகுது. வாயில்லாச் சீவன் ஐயா! நெஞ்சு பதறலை உமக்கு?"

கத்திய கத்தலில் குருநாதனுக்கு மூச்சு வாங்கியது. மேடேறி வந்த களைப்பு, பாவம்.

எவன் பேரையாவது சொன்னால் அந்த அப்பாவி கம்பி எண்ணுவான். சொல்லாவிட்டால் இப்ராம்சா எண்ண வேண்டும். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் வாடிக்கைக்காரன் வில்பட்டி மயில்சாமி அப்போதுதான் வாங்கிய லேகிய டப்பாவும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்கிறானே!

"அது வந்துங்க... காட்டுலருந்து..."

"சரி, போலீஸைக் கூப்பிடறேன்."

போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள் ரஹ்மத் பீவி. இப்ராம்சாவின் சம்சாரம். லேகியம் கிண்டுகிறவளும் அவள்தான்.

"ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? ஐயா, குரங்கு எங்களுக்கு ஹராமுங்க. சோறாக்குற அடுப்புல அதை ஏத்துவேனா? அல்லா மேல ஆணையாச் சொல்றேன், அதுல கெடக்குறது சுக்கு, திப்பிலி, கருப்பட்டி. வேற ஒரு மண்ணும் இல்லை!"

மயில்சாமி டப்பாவை ணங்கென்று வைத்தான்.

"அடப்பாவி பாய்! எங்காத்தா வருசக்கணக்கா நக்குச்சே இதை! இருங்க, ஊரெல்லாம் சொல்லிட்டுத்தான் மறுசோலி!"

போனவன் போனவன்தான். கூடவே யாவாரமும் போச்சு. இனிமேல் கடைக்கு ஈ கூட வராது. இப்ராம்சாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு குரங்கைக்கூட நாங்க தொட்டதில்லைங்க. கேசு கீசு வேணாங்கய்யா."

குருநாதன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். வாசலை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும், பாய். இந்த இளைப்பு என் உசுரை வாங்குது. அசல் கருங்குரங்கு லேகியம் வேற யார்கிட்ட கிடைக்கும்? பேரைச் சொல்லுங்களேன்..."