பாட்டுக்கு அடியில்

மாடியில் புதிதாய்க் கட்டிய பெரிய ஹாலுக்கு ஸ்பீக்கர் எடுக்கக் கணவர் அருணகிரியோடு கடைக்கு வந்திருந்தாள் திலகவதி. சோதித்துப் பார்க்க அவர் கொண்டுவந்தது ஒரு பழைய கேசட். கல்யாணமான புதிதில், ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, மூச்சுகூட விடக் கூடாதென்று வீட்டையே அதட்டிப் பதிந்த பாட்டு. ஆளுயர ஸ்பீக்கரில் அது ஓடியபோது, வீட்டுப் பெட்டியில் இத்தனை வருடம் கேட்காத ஒரு இளங்குரல் பாட்டுக்கு அடியிலிருந்து மேலே வந்தது. "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." உடனே அருணகிரியின் குரல்: "ஷ்ஷ்!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். அருணகிரி சிரிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தே, திலகா?"

திலகவதிக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்... பாட்டு ஓடுதுல்ல."