எதிர்க்கடைக்குப் போன கல்

“கல்லு எங்கே?”

அலமாரியைத் திறந்தபடியே கேட்டாள் அவள். பேச்சுக்குத்தான் கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும்.

சலூன்காரர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, “எதிர் சலூன் ஏசிக்காரன் கேட்டான், கொடுத்தேன்” என்றார், என்னவோ பேப்பர் படிக்கக் கொடுத்தது மாதிரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது காசு கொடுத்து வாங்கிய கல் இல்லை. சவரக் கத்தி தீட்டுவதற்கென்றே அவள் அப்பா, தான் வேலை பார்த்த குவாரியில் நூறு கல்லைத் தட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி, ஒரு மாதம் தேய்த்துச் சமமாக்கி, மாப்பிள்ளை கையில் கொடுத்தது. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் மாதிரி கசியும். இப்போது குவாரியையும் மூடியாச்சு, அப்பாவும் போய்ச் சேர்ந்தாச்சு. இத்தனை வருஷமாக விழாத குழி, இரவல் போக ஆரம்பித்த எட்டே மாதத்தில் கல்லின் நடுவில் விழுந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

“தினம் காலையில போகுது, பத்து மணிக்குத் திரும்பி வருது. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரை ஏசி போட்டே இழுத்துட்டான். மிச்சப் பேரு எதுக்கு இங்க வர்றாங்க? உங்க கத்தி வழுவழுன்னு வழிக்குது, அதுக்குத்தானே? அந்தக் கல்லையும் அவன்கிட்டயே கொடுத்தா என்ன அர்த்தம்? நாளைக்கு நாற்காலியையும் கேட்பான். அப்புறம் நீங்களும் போய் அங்கேயே உட்கார்ந்துக்கலாம், குளுகுளுன்னு இருக்கும்.”

“இருக்கும்தான்” என்றார் சலூன்காரர்.

“சூடு சொரணை கொஞ்சமாவது இருக்கா உங்களுக்கு?”

“ஆள் வர்ற நேரம். மெதுவா பேசு.”

அவள் மெதுவாகவும் பேசவில்லை, சத்தமாகவும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். “ஏய், இரு, இரு” என்று அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தாள். முடிவெட்ட ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டதால், பின்னாலேயே ஓடிவர அவரால் முடியவில்லை.

எதிர்க்கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் போன வருஷம் வரை இவர்கள் கடைக்கு வந்தவர்கள். அவளைப் பார்த்ததும் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

மூலையில், ஈரத் துணிமேல் அவள் அப்பாவின் கல். ஏசிக்காரன் அதில் கத்தியை வைத்து நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தான்.

“நிறுத்துப்பா.”

நிறுத்தினான்.

“அடுத்தவங்க கல்லுல ஓசியில தீட்டுறியே, வெட்கமா இல்லை? ஏசி வாங்கத் தெரியுது, சுத்துற நாற்காலி வாங்கத் தெரியுது, ஒரு கல்லு வாங்கத் துப்பில்லையா? எங்க வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. நான் அப்படியில்லை, தெரிஞ்சுக்கோ.”

பேப்பருக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. “என்னப்பா இது, அவங்க கல்லா?”

ஏசிக்காரன் வாயைத் திறந்தான். காத்திருந்த மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தான். மூடிக்கொண்டான்.

“தப்புதான் அக்கா” என்றான். அவன் காது சிவந்திருந்தது. “கல்லு ஈரமா இருக்கு, கை வழுக்கிடும். துணியில சுத்தித் தர்றேன்.”

“உன் துணி ஒண்ணும் வேண்டாம்.”

கல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்கத் திரும்பி வந்தாள். எட்டு மாதத்து எரிச்சல் ஒரே நாளில் அடங்கினாற்போல இருந்தது.

முடிவெட்ட வந்தவர் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் படி இறங்கியதும் கல்லை அலமாரியில் வைத்தாள்.

“நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசலையே அவன். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டான்.”

சலூன்காரர் கதவைச் சாத்தினார்.

“கத்தி மூணும் எங்கே?”

“எந்தக் கத்தி?”

“என் கத்தி.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் சீப்பின் பல்லை இடது கட்டைவிரல் நுனியில் அழுத்தினார். சதை குழிந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“எட்டு மாசமா இந்த விரல்ல உணர்ச்சியே இல்லை. வழிக்கிறதுக்கு வலது கை போதும். ஆனா தீட்டும்போது, பதம் ஏறிடுச்சான்னு இந்த விரல்தான் சொல்லணும். வெளியில தெரிஞ்சா எவன் வந்து என் முன்னாடி கழுத்தைக் காட்டுவான்? உனக்குத் தெரிஞ்சா கடையை மூடச் சொல்லுவ. அதான் அவன்கிட்ட மட்டும் சொன்னேன். கல்லும் கத்தியுமா நான்தான் தினம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவன் தீட்டித் தர்றான்.”

அவள் குரல் பாதியாகிவிட்டது. “அப்போ… அவனோட கத்தியை அவன் எதுல தீட்டுறான்?”

“அவன் எங்கே தீட்டுறான்? அவன் கடையில எல்லாமே பிளேடு மாத்துற கத்தி. அவனுக்குக் கல்லே வேண்டாம்.”