பதினேழாம் தொட்டியின் எடை

வறட்சிச் சோதனையின் ஏழாம் நாள். தண்ணீர் நிறுத்திய நாற்பது தக்காளித் தொட்டிகளையும் தினமும் காலையில் நான்தான் எடை போடுவேன். முப்பத்தொன்பது தொட்டிகளின் எடை குறைந்துகொண்டே வந்தது. பதினேழாவது மட்டும் கூடியது.

"பாவம் பாத்துத் தண்ணி ஊத்திட்டியா?" என்றார் பேராசிரியர். "மூணு வருஷ உழைப்பும்மா. உண்மையச் சொல்லு."

"சத்தியமா இல்ல சார். ரூம் சாவி உங்ககிட்டதான இருக்கு?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஆளே துரும்பா இளைச்சிட்டியே. மொதல்ல இதக் குடி" என்று தன் ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினார்.

ஒரு வாரமாகவே எனக்கு அடங்காத தாகம். மடமடவென்று காலி செய்தேன். நாக்கு நனையவே இல்லை.

பேராசிரியர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் இருந்த பதினேழாம் தொட்டியின் எடை ஏறிக்கொண்டே போய், சரியாக ஒரு கிலோ கூடி நின்றது.

"இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்கா சார்?" என்றேன்.