பச்சைப் பொட்டுகள்

கறுப்புத் திரைக்கு வெளியே மதிய வெயில் காய்கிறது. நுண்ணோக்கி அறைக்குள் இருட்டும் விசிறியின் மெல்லிய இரைச்சலும்தான். ஆராய்ச்சிக்கார அக்கா தன் நாற்காலியைத் தங்கைக்கு விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிறாள். தங்கை நோயில் கிடந்தபோது அவள் குடலிலிருந்து கிள்ளியெடுத்த அரிசியளவு சதை, தட்டில் வளர்ந்து, சாயம் ஏறி, லென்ஸுக்கு அடியில் சிவப்பு வயலாய் விரிந்திருக்கிறது. அதன்மேல் பச்சைப் பொட்டுகளாக, அவளைப் படுக்கவைத்த அதே வகைக் கிருமிகள். ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் செல் ஒரு குட்டி மேடை எழுப்பியிருக்கிறது. “என்னைப் படுத்தி எடுத்தவனுக்கு என் உடம்பே மேடை போட்டுக் குடுக்குதா?” என்கிறாள் தங்கை. “அது என்னடி பண்ணும், பாவம்? பிடிச்சுக்கிற கொக்கியக்கூட அவனே கொண்டுவந்து செல்லுக்குள்ள மாட்டிடறான்.” “பலே ஆளுதான்!” தங்கை சிரிக்கிறாள். இப்படி அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. பார்க்க உதவும் வெளிச்சமே பச்சைச் சாயத்தைத் தின்றுவிடும். முதலில் படம், பிறகுதான் வேடிக்கை என்பது இந்த அறையின் வழக்கம். அக்காவின் விரல் பொத்தான்மேல் இருக்கிறது. அழுத்தினால் வெளிச்சம் கேமராவுக்குப் போய், தங்கையின் கண்ணுக்கு இருட்டாகிவிடும். “இரு, இரு, இன்னும் கொஞ்சம்” என்கிறாள் தங்கை, கண்ணை எடுக்காமல். பொட்டுகள் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்குகின்றன. “அக்கா, போறான் பாரு! ஒவ்வொருத்தனா போறான்!” படம் எடுக்காமலே பல வாரத்து உழைப்பு அந்த இருட்டில் கரைகிறது. சிவப்பு வயல் மட்டும் மிஞ்சுகிறது. அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்துத் தங்கையின் உச்சந்தலையில் வைக்கிறாள். “ஆமாடி, போயிட்டான்.”