பத்தாம் நம்பர் ஸ்பேனர்

பலகையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

நாற்பத்திரண்டு சாமானுக்கும் அந்தப் பலகையில் மஞ்சள் பெயிண்டில் உருவம் வரைந்திருக்கும். எது எங்கே தொங்க வேண்டுமோ அங்கேதான் தொங்கும். ஒன்று குறைந்தாலும் விமானம் கொட்டகையை விட்டு நகரக் கூடாது. வேலை பார்த்தவர்கள் மறந்து உள்ளேயே வைத்து மூடியிருந்தால், ஆகாயத்தில் அது உருண்டு போய் எந்தக் கம்பியில் சிக்கும் என்று சொல்ல முடியாது.

பலகைக்குப் பொறுப்பு செபஸ்தியான். விமானத்தைத் துடைப்பது, தள்ளுவது, சாமான் எடுத்துக் கொடுப்பது, வேலை முடிந்ததும் எண்ணி மாட்டுவது, எல்லாம் அவர்தான். அகரம் கிராமத்துக்கு அந்தப் பக்கம் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்த பூமியில் இந்தப் பயிற்சிப் பள்ளி வந்த நாளிலிருந்து இருக்கிறார்.

இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம். நூறு மணி நேரம் பறந்துவிட்டால் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்த்ததற்குச் சாட்சியாக, சோதனைத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஜினியர் ஸ்டீபன்ராஜ் நேற்றே எல்லா வரிக்கும் போட்டு முடித்துவிட்டான்.

பதினொரு மணிக்கு, இங்கே படிக்கிற அனிஷா முதன்முதலாகத் தனியாக அதை ஓட்டிக்கொண்டு ஏறப் போகிறாள். அவள் அம்மா டெய்சி டீச்சர் பால்கோவா டப்பாவோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

மணி பத்து.

“யோவ் செபஸ்தி, நேத்து எண்ணித்தான மாட்டுன?” என்றான் ஸ்டீபன்ராஜ்.

“எண்ணித்தான் சார் மாட்டுனேன்.”

“அப்ப ராத்திரியில கால் மொளச்சு நடந்து போயிருச்சாக்கும்?”

செபஸ்தியான் துடைக்கிற துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஸ்டீபன்ராஜ் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “வண்டிய எடுத்துட்டு டவுனுக்குப் போ. எந்த இரும்புக் கடையிலயும் கெடைக்கும். புதுசா ஒண்ணு வாங்கியாந்து மாட்டிரு. கணக்குச் சரியாப் போயிரும்.”

செபஸ்தியான் குரலைத் தாழ்த்தவில்லை.

“வாங்கியாரேன் சார். புதுசு வந்துருச்சுன்னு கேள்விப்பட்டு, உள்ள கெடக்கிறது தானா எறங்கி வந்துருமா?”

அறைக்குள் இருந்த முதலாளிக்கு அது நன்றாகக் கேட்டுவிட்டது. வெளியே வந்தார். பலகையைப் பார்த்தார். மரத்தடியில் உதடு அசைந்துகொண்டிருந்த டீச்சரையும் பார்த்தார்.

“பூட்டுச் செய்யிற ஊர்ல பொழைக்கிறோம். ஒரு ஸ்பேனரப் பூட்டி வைக்க வக்கில்ல. அம்புட்டு மூடியவும் கழட்டுங்கய்யா. இவன் வேலையப் பத்தி அப்பறம் பேசிக்கிறேன்.”

கழற்றினார்கள். இன்ஜின் மூடிக்குள் இல்லை. சீட்டுக்கு அடியில் இல்லை. இரண்டு இறக்கைக்குள்ளும் இல்லை.

வால் பக்கத்து மூடி கடைசி. அதன் திருகாணி மேல் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. ஸ்டீபன்ராஜ் அதைக் கட்டைவிரலால் வேகமாக உதிர்த்துவிட்டு மூடியைக் கழற்றினான்.

டார்ச்சும் தலையும் உள்ளே போயின. செத்த நேரத்துக்குத் தலை வெளியே வரவில்லை.

வாலைத் திருப்புகிற கேபிள், கப்பியில் உரசி உரசி, ஏழு புரியில் நாலு அறுந்து விளக்குமாறு மாதிரி விரிந்து நின்றது. மேலே போய் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்திருந்தால் மிச்சமும் போயிருக்கும்.

ஸ்பேனர் அங்கேயும் இல்லை. ஆனால் அதை இப்போது யாரும் தேடவில்லை.

முதலாளி ஸ்டீபன்ராஜின் முதுகில் தட்டினார். “இதுக்குத்தான்யா படிச்சவன் வேணுங்கிறது! ஸ்பேனரத் தேடப் போயி ஒரு உசுரக் காப்பாத்திட்டான் பாரு.”

நேற்று பார்த்தபோது இது ஏன் தெரியவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டீபன்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இன்றைக்குப் பறக்க முடியாது என்றதும் அனிஷா அழுதாள். அப்புறம் கேபிளைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

டெய்சி டீச்சர் பால்கோவா டப்பாவைத் திறந்து முதல் துண்டை ஸ்டீபன்ராஜுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தார். செபஸ்தியானிடம் திரும்பும்போது டப்பாவை மூடிக்கொண்டார்.

“வயசு இம்புட்டு ஆச்சு, பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா? எம் பிள்ளை உசுரு ஒங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?”

“தப்புத்தான் டீச்சரம்மா.”

முதலாளி ஒரு தாளில் நாலு வரி எழுதி நீட்டினார். கவனக்குறைவாகச் சாமானைத் தொலைத்தது பற்றி. இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்பது பற்றி. செபஸ்தியான் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். அடியில் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஸ்டீபன்ராஜ் வழியில் நின்றான். வாயில் பால்கோவா இன்னும் விழுங்காமல் இருந்தது.

“அண்ணே…”

“சாப்டப் போறேன் சார்.”

கொட்டகைக்குப் பின்னால் நிழல் இருந்தது. உட்கார்ந்தார்.

நேற்று சாயங்காலம் வாலைத் துடைக்கும்போதே அவர் ஸ்டீபன்ராஜிடம் சொன்னார், மூடி மேல் கூடு உடையாமல் இருக்கிறதே, திறந்ததாகக் கையெழுத்து மட்டும் விழுந்திருக்கிறதே என்று. ‘குளவிய நீ பாரு, பிளைட்ட நான் பாத்துக்கிறேன்’ என்று பதில் வந்தது.

தூக்குச்சட்டியைப் பிரித்தார். மேல் அடுக்கில் மோர்ச்சோறு.

கீழ் அடுக்கில், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இருக்க வேண்டிய இடத்தில், துணி சுற்றிய பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

அந்த அடுக்கை மூடி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் சோற்றை அள்ளிச் சாப்பிட்டார்.