விடுப்புக்கான காரணம்

மாலை வெயில் அம்மாவின் வெறுங்கட்டிலில் சாய்ந்து கிடக்கிறது. காலையில் அவள் கண்ணை மூடினாள். மதியம் வந்து சேர்ந்த தம்பி, மாத்திரை அட்டைகளை ஒதுக்கிவிட்டு அவள் மேசையிலேயே தன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறான். "என்னால முடியலக்கா, கண்ணை மறைக்குது. ஆபீசுக்கு லீவு நீயே போட்டுடேன்" என்று துண்டில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். அக்கா அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் ஒற்றை விரலால் 'அம்மா' என்று தட்டுகிறாள். முன்பு அடித்ததையெல்லாம் மறக்காமல் எடுத்துக்கொடுக்கும் மென்பொருள் ஏதோ அதில் இருக்கிறது போல. கட்டத்துக்குக் கீழே பழைய வரிகள் சரசரவென்று இறங்குகின்றன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அம்மா கீழே விழுந்துவிட்டார். அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. ஆளில்லையாம்! அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ராப்பகலாகப் பழியாய்க் கிடந்தவள் இவள். அவன் அந்தப் பக்கம் தலைகூடக் காட்டவில்லை. கடைசி வரியில் அவள் விரல் நின்றுவிடுகிறது. அம்மா காலமாகிவிட்டார். அதை அவள் இன்னும் அடிக்கவே இல்லை. மேலே மின்விசிறி கடகடக்கிறது. துண்டுக்குள்ளிருந்து தம்பியின் குரல் வருகிறது, இப்போது அழுகை கொஞ்சம் தெளிந்து. "அக்கா, அம்மான்னு போட்டுடாத. போன வருஷமே ஒரு தடவை அப்படிப் போட்டுட்டேன். மாமியார்னு போடு." அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு 'மாமி' என்று தட்டுகிறாள். கீழே ஒரு வரியும் இறங்கவில்லை. அந்தம்மாவுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.