முட்டை வேகட்டும்

இன்னாசி மாஸ்டர் கொத்துப் புரோட்டா போடுகிற சத்தத்தில் தெருவுக்கே பசிக்கும். அவர் கையில் இருந்தவை இரண்டு இரும்புத் தகடுகள். வேகமெல்லாம் வலது தகட்டுக்கு. இடது அதன் பின்னாலேயே ஓடும்.

ஒருநாள் மாஸ்டருக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. மனுஷன் ஒரே வாரத்தில் கட்டை அவிழ்த்துவிட்டுப் பழைய வேகத்தில் கொத்தினார். மணிக்கட்டு மறுபடியும் வீங்கிக்கொண்டது. வலது தகடு ஆணியில் தொங்கியது.

இடது தகடு தனியாகக் கல்லில் இறங்கியது. முதல் வாரம் பாதிப் புரோட்டா தரையில் கிடந்தது. மூன்றாம் மாதம் இரண்டு தகடுகளின் வேலையை அது ஒன்றே செய்தது.

"இனி நான் எதுக்கு? பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க" என்றது வலது.

"சும்மா தொங்கு. இன்னைக்கு மாஸ்டர் அந்தக் கையால டம்ளரைத் தூக்கிட்டார்" என்றது இடது. தினமும் இப்படி ஒரு சேதி வைத்திருக்கும்.

ஒரு சாயங்காலம் மாஸ்டர் வலது தகட்டை ஆணியிலிருந்து எடுத்தார். டக் என்று ஒரு கொத்து. வலிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு இன்னொன்று. பக்கத்திலேயே இடதும் அதே நிதானத்தில் இறங்கியது.

வலதுக்குக் கூச்சமாகிவிட்டது. "நீ பறக்கிறவனாச்சே. எனக்காகவா இப்படி மெதுவா வர்ற?"

"யார் சொன்னது? முட்டை இன்னும் வேகலப்பா. அவசரப்பட்டு என்ன செய்ய?" என்றது இடது.

கல்லின் மேல் முட்டை எப்போதோ வெந்து, ஓரம் கருகத் தொடங்கியிருந்தது.